பூனையின் கார்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. தூக்க மாத்திரை போடுவதில்லை, விற்பதோடு சரி. பதினாறு வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தே பழகிய கண் என்னுடையது. ஒரு கையெழுத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. அதனால், அன்று சாயங்காலம் நான் பார்த்ததைப் பிரமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இது நடந்தது. எனக்கே நடந்தது.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பைக் ரேஸ் ஓட்டுகிறவர்களிடம் ஆட்டோகிராஃப் வாங்குவது. ஒவ்வொரு வீரருக்கும் அவரவர் டீம் போட்டோ கார்டு அச்சடித்துக் கொடுக்கும். முன்பக்கம் படமும் நம்பரும் இருக்கும். அதில் கையெழுத்து வாங்க வேண்டும். நான் எப்போதும் இரண்டாக வாங்குவேன். ஒன்று ஆல்பத்துக்கு, இன்னொன்று மாற்றிக்கொள்ள. என்னைப் போன்ற பைத்தியங்கள் இன்னும் நாலைந்து பேர் உண்டு. கூடினால் கார்டுகளை மாற்றிக்கொள்வோம். கொடுக்கிறவர் கார்டின் பின்பக்கம் பென்சிலால் தன் குறியைப் போட்டுத்தான் தர வேண்டும். இது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

முந்நூற்றுச் சொச்சம் கார்டு சேர்த்துவிட்டேன். ஒரே ஒருவருடையது மட்டும் சிக்கவில்லை. அவரைப் 'பூனை' என்பார்கள். எப்படி விழுந்தாலும் எழுந்து உதறிக்கொண்டு போய்விடுவார். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு ரேஸில் விழுந்தார், எழவில்லை. அன்று நான் வேலியோரம் நின்றிருந்தேன். அறிவிப்பாளரின் குரல் பாதியில் நின்றபோது மணி 3.20. பூனை கையெழுத்துப் போடுவதில் மகா கஞ்சன். அவருடைய கார்டு வைத்திருந்தவர்கள் உயிரே போனாலும் தர மாட்டார்கள். மற்றவர்களின் ஆல்பத்தில் பார்த்து ஏங்கியதோடு சரி.

விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று சனிக்கிழமை, பயிற்சி நாள். மறுநாள் மதியம் இரண்டேகாலுக்கு ரேஸ். அதில் என் தங்கச்சியும் ஓட்டுகிறாள். நம்பர் 47. அப்பா அம்மா போன பிறகு நான் வளர்த்த பெண். ஆட்டோகிராஃப் வாங்கப் போகும்போதெல்லாம் அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பிடித்த பித்துதான் அவளுக்கு. அவள் வண்டியில் ஏறும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயமாக இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

மணி 5.50. நல்ல மழை. மைதானத்தில், வண்டி நிறுத்தும் அவளுடைய ஷெட்டில் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு இரண்டு கார்டில் கையெழுத்துப் போட்டாள்.

"என்னையும் மாத்திடுவியாண்ணா?"

"நல்ல ஆள் கிடைச்சா மாத்த வேண்டியதுதான்."

"அடப்பாவி! சும்மா தூக்கிக் கொடுத்துடாதே. பெரிய ஆளா பார்த்து மாத்து."

சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

ஷெட்டுகள் ஒரே வரிசை. ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒன்பதாவது ஷெட்டில் நம்பர் 31. புதுப் பையன், பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டு ரேஸ் ஓட்டுகிறவன். அவனுக்கு அதுதான் முதல் கார்டு. "ரெண்டா சார்? என்னோடதக்கூட யாராவது கேப்பாங்களா?" என்று வெட்கப்பட்டான். "எழுத்து நல்லா வந்திருக்கா?" என்று வேறு கேட்டான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றேன். முகமெல்லாம் பல்லாகிவிட்டது அவனுக்கு.

மணி 6.21. கடைசி ஷெட்.

அது பழைய டயர் போட்டு வைக்கும் இடம். எப்போதும் பூட்டியே இருக்கும். அன்று ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே மஞ்சளாக வெளிச்சம்.

"நனையாதீங்க. உள்ள வாங்க."

போனேன்.

மடக்கு நாற்காலியில் ஒருவர். முன்னால் ஒரு சின்ன மேஜை. கறுப்புத் தோல் உடுப்பு, பழைய காலத்து ரேஸ் உடுப்பு. வலது கையில் மட்டும் கையுறை. அந்தக் கையை மடியில் வைத்திருந்தார். இடது கையால் ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஓய்வு பெற்ற வீரர், நம்மைப் போல இவருக்கும் பைத்தியம் போல என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாடை அடித்தது. ஆமணக்கெண்ணெய் கருகும் வாடை. அந்தக் காலத்து ரேஸ் பைக்குகளில் ஊற்றுவார்களாம். இப்போது எந்த ஷெட்டிலும் அந்த வாடை கிடையாது.

இன்னொன்றும் கவனித்தேன். தலைக்கு மேல் தகரக் கூரை. வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே... ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் ஆல்பத்தை என் பக்கம் திருப்பினார்.

பூனை!

அதே சுழி. கடைசி எழுத்துக்குக் கீழே அதே இழுப்பு. சந்தேகமே இல்லை. கார்டுக்குக் கீழே, ஆல்பத்தின் தாளில் ஒரு தேதி. பக்கத்தில் மணி, 3.20. கார்டு கிடைத்த தேதியை நாங்களும் அப்படித்தான் குறித்து வைப்போம். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றுகிற நிலையில் நான் இல்லை. அவ்வளவு பேராசை.

"மாத்திக்கலாமா?" என்றார்.

"பூனையையா? தருவீங்களா?"

"இது முடிஞ்சது. எனக்கு இனி வேண்டாம்."

ஆல்பத்துக்கான கார்டுகளைத் தனியே வைத்துவிட்டு, மாற்றிக்கொள்ள என் பையிலிருந்த இருபது கார்டையும் மேஜையில் பரப்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பல்லை இளித்துக்கொண்டே பரப்பினேன். இடது கை ஒவ்வொன்றாகத் தள்ளியது. ஒன்றின்மேல் நின்றது.

47.

"இது போதும்."

என்னிடம்தான் அவளுடையது இன்னொன்று இருக்கிறதே! பின்பக்கம் பென்சிலால் என் குறியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை அடுத்த பக்கத்தில் செருகினார். கீழே தேதி எழுதினார்.

"நாளைத் தேதி போட்டுட்டீங்களே..."

"சரியாத்தான் இருக்கு."

பக்கத்தில் மணியும் எழுதினார். 2.47.

வெளியே வந்தேன். மழைச் சத்தம் சட்டென்று காதில் விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். 6.21. உள்ளே கால் மணி நேரமாவது இருந்திருப்பேன். பேட்டரி போய்விட்டதோ என்று பார்த்தேன். முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆறு ஷெட் தாண்டியிருப்பேன். பூனையின் கார்டைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு நடக்கிறேன். அப்போதுதான் புத்திக்கு உறைத்தது.

அந்தத் தேதி. பூனை விழுந்த தேதி.

3.20.

நாளைக்கு இரண்டேகாலுக்கு ரேஸ்.

2.47.

மழையில் திரும்பி ஓடினேன். வழுக்கி விழுந்தேன். எழுந்து ஓடினேன்.

மணி 6.31. ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. தரையோடு தரையாகத் தவழ்ந்து உள்ளே போனேன்.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுங்க. பூனையை நீங்களே வெச்சுக்கோங்க."

"முடிஞ்சது எனக்கு வேண்டாம்."

"ஐயா... அது என் தங்கச்சி."

"தெரியும்."

பூனையின் கார்டை மறுபடி நீட்டினேன், அவர் தொடவில்லை.

"பக்கம் காலியா இருக்கக் கூடாது," என்றார். "வேற ஒண்ணு கொடுங்க. இதைத் தர்றேன்."

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இதை மறைக்க மாட்டேன். நன்றாகப் புரிந்தது. பையிலிருந்து மீதிப் பத்தொன்பது கார்டையும் எடுத்தேன். படம் தெரியாதபடி கவிழ்த்தேன். அடுக்கி, மேஜையில் வைத்தேன்.

முகம் தெரியாவிட்டால் நான் கொடுத்ததாக ஆகாது என்று நினைத்தேன்.

அவருடைய வலது கை மடியிலிருந்து எழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். கையுறை தட்டையாக இருந்தது. உள்ளே விரல் இல்லை. எதுவுமே இல்லை...

சர்ர்ர்...

அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கார்டு உருவி வந்தது. கவிழ்ந்தபடியே.

"குறி போடுங்க."

போட்டேன்.

47 என் கைக்கு வந்தது. சில்லென்றிருந்தது.

மீதி அடுக்கைக் கவிழ்ந்தபடியே அள்ளிக்கொண்டு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. பின்னால் ஷட்டர் இறங்கியது. சத்தமில்லாமல்.

அன்று இரவு அந்த அடுக்கை நான் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் போய்ச் சொல்ல வேண்டும். ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்குள் திணித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் மழை இல்லை. தடம் காய்ந்திருந்தது. காலையில் தங்கச்சியிடம், "இன்னிக்கு ஓட்டாதேம்மா" என்றேன். "போண்ணா, வேலையப் பாரு" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். மேலே ஒன்றும் சொல்லத் தைரியம் வரவில்லை.

2.15. கொடி விழுந்தது.

2.40. தங்கச்சி ஏழாவதாக வருகிறாள்.

2.45. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

2.46.

2.47.

இரண்டாவது வளைவில் அவளுக்கு நேர் முன்னால் போன வண்டி திடீரென்று படுத்தது. தடத்தில் ஒன்றுமில்லை. எண்ணெய் இல்லை, ஈரம் இல்லை. யாரும் இடிக்கவில்லை. ஆனாலும் படுத்தது. அவள் ஒரு சாண் இடைவெளியில் விலகிப் போனாள்.

நம்பர் 31.

அறிவிப்பாளரின் குரல் பாதியில் நின்றது.

நான் பையைத் திறந்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றினேன். பதினெட்டு கார்டு இருந்தது. முப்பத்தொன்று இல்லை.

அன்று சாயங்காலமே வாட்ச்மேனைக் கெஞ்சி அந்தக் கடைசி ஷெட்டைத் திறக்க வைத்தேன். தரையிலிருந்து கூரைவரை பழைய டயர். ஒரு நாற்காலி போடக்கூட இடமில்லை. "இதைத் தொறந்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க" என்றார் வாட்ச்மேன். எனக்கு அந்த வாடை அடித்தது. அவருக்கு அடிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நான்கு வாரம் பூனையின் கார்டைத் தொடவில்லை. ஒரு நாள் அதை எரித்துவிடலாம் என்று எடுத்தேன். தற்செயலாகப் புரட்டினேன். பின்பக்கம் பென்சிலில் ஒரு குறி. முக்கோணம், நடுவில் புள்ளி. அதை அவரிடம் கொடுத்து வேறொன்று வாங்கிக்கொண்டு போனவரின் குறி.

அது யாருடையது என்று எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பூனையின் கூடப்பிறந்த அண்ணன். எங்களோடுதான் கார்டு சேர்த்துக்கொண்டிருந்தார். தம்பி போன மறுநாளே ஆல்பத்தை மூட்டை கட்டியவர், அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.

பட்டப்பகலில் அவருடைய சைக்கிள் கடைக்குப் போனேன். மணி 11.05. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். கார்டை நீட்டினேன். வாங்கினார். படத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடைசி ஷெட்டா?"

தலையாட்டினேன்.

"என்கிட்டயும் அந்த ஆள் சொன்னார்ப்பா. வேற ஒண்ணு கொடுத்தா திருப்பித் தர்றேன்னு." பஞ்சர் டியூபை ஒதுக்கி வைத்தார். "கையில பன்னெண்டு கார்டு இருந்துச்சு. விடியற வரைக்கும் அந்த ஷட்டருக்கு வெளியவே நின்னேன். ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பார்த்தேன். எல்லாம் யாரோ பெத்த பிள்ளைங்க. உள்ள போக முடியல."

கார்டை மேல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். ஏதோ ஞாபகம் வந்தவர் போல நிமிர்ந்தார்.

"உன் தங்கச்சி... நல்லா இருக்கால்ல?"

"நல்லா இருக்கா அண்ணே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உட்கார்ந்திருந்த ஸ்டூலை மெதுவாக இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்போ... நீ யாரைக் கொடுத்தே?"