தையலுக்கு இடம் விட்ட படம்

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் முழுக்க, தாராவியில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு பலகையைச் சுற்றித்தான் நடந்தோம். மூத்த மகள் செம்பூரில் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் முதல் வருடம் சேர்ந்திருந்தாள். முதல் வருடத்தில் எல்லோருக்கும் படம் வரைகிற பாடம் உண்டு. அதற்கு வாங்கியது அந்த ட்ராயிங் போர்டு. எங்களுக்கு இருந்தது ஒரே அறை. போர்டைக் கிடத்தினால் பாய் விரிக்க இடம் இருக்காது. "இது மேல அப்பளம் காயப்போட்டாலாவது ஒரு பிரயோஜனம் உண்டு" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே தாண்டிப் போவாள்.

நான் தோல் பை செய்யும் பட்டறையில் வெட்டுகிறவன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எனக்குப் பேச்சு வராது. புது ஆள் எதிரே வந்தால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். வெட்டு மேஜையில் நிற்பவன் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்திப்போனது.

வருடக் கடைசியில் ரிசல்ட் வந்தது. மகள் எல்லாவற்றிலும் பாஸ், படம் வரைகிற பாடத்தில் மட்டும் பெயில். பம்பாயில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஒன்றிரண்டு பாடத்தில் விழுந்தால் மேல் வகுப்புக்குப் போகலாம், விழுந்ததை மறுபடி எழுத வேண்டும். பிள்ளைகள் சுருக்கமாக கே.டி. என்பார்கள்.

"என் மருமவ கேடியாயிட்டாளா!" என்று சிரித்துக்கொண்டே வந்தான் என் மனைவியின் தம்பி. மாட்டுங்கா பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமில் அவனுக்கு வேலை. "சும்மா கெடங்க மாமா" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் என்னிடம் திரும்பினான்.

"மச்சான், நான் ஒண்ணு சொல்லட்டா? எங்க ஆஸ்பத்திரியில ஒரு கோர்ஸ் வச்சிருக்காவ. ஒவ்வொரு நோவுக்கும் ஒரு நம்பர் இருக்கு. டைபாய்டுக்கு ஒண்ணு, கால் ஒடிஞ்சா ஒண்ணு. கேஸ் பேப்பரப் படிச்சி அந்த நம்பரப் போடணும். உக்காந்த எடத்து வேலை, ஃபேன் காத்து. இப்பம் ரெண்டு வாரம் சும்மா அறிமுகத்துக்கு சொல்லிக்குடுக்காவ. அனுப்பிப் பாருங்க. புடிச்சா சீட்டுக்கு நான் பேசுதேன்."

என் மனைவிக்கு அந்த யோசனை உடனே பிடித்துவிட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் என்றால் இன்னும் மூன்று வருடம், பையன்கள் கூட்டத்தில் விரல்விட்டு எண்ணும் பெண்கள், முடிந்த பிறகு என்ன வேலை என்று சொல்லவும் ஆள் இல்லை. ஆஸ்பத்திரி கண்ணெதிரே இருந்தது. "மறுபரீட்சை மழை முடிஞ்சுதான். அதுலயும் விழுந்தா ரெண்டும் இல்லாமப் போயிரும்" என்றாள். காலேஜ் திறப்பதற்குள் ஏதாவது ஒன்றை முடிவுசெய்தாக வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மகள் ஆஸ்பத்திரி வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். அந்த வாரமே கல்லூரியில் படம் சொல்லித்தரும் சார், வீட்டிலிருந்து யாராவது வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். மச்சினனை அனுப்பலாம் என்றேன். "வாப்பாதான் வரணுமாம்" என்றாள் மகள். அதை அவளாகவே சேர்த்துச் சொன்னாள் என்பது என் ஊகம்.

சார் மராத்திக்காரர், சட்டைக் கையில் சாக்பீஸ் தூள். உட்காரச் சொன்னார், நான் நின்றேன். மகள் அந்த வருடம் வரைந்த தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினார். "கோடு சுத்தம். முறை தெரிகிறது. கடைசிப் பாடத்தில் மட்டும் எல்லா அளவும் பெரிதாகிவிடுகிறது. எத்தனை தடவை சொன்னாலும் அழித்துவிட்டு அதையே வரைகிறாள். பரீட்சையிலும் இதைத்தான் செய்திருப்பாள்" என்று இந்தியில் சொன்னார்.

அந்தக் கடைசிப் பாடம் இதுதான். ஒரு பெட்டியோ கூம்போ கொடுத்து, அதன் மேல்பரப்பைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்வார்கள். நாங்கள் பைக்கு அட்டையில் பர்மா என்கிற அளவு மாதிரியை வெட்டுவதும் கிட்டத்தட்ட அதுதான். அந்த அட்டையை வைத்துத்தான் தோலை வெட்டுவோம். பட்டறையில் ஓரத்தோடு ஓரம் தைக்க முடியாது. மடித்துத் தைக்க எல்லாப் பக்கமும் கொஞ்சம் கூடுதலாக விடுவோம். விடாவிட்டால் பை மூடாது.

என் மகளின் கூம்புக்கு எல்லாப் பக்கமும் அந்தக் கூடுதல் இருந்தது. பெட்டிக்கும் இருந்தது. பக்கத்தில் அளவு குறிக்கும்போதும் அதையும் சேர்த்தே குறித்திருந்தாள். சின்ன வயதிலிருந்து எனக்கு அட்டை வரைந்து கொடுத்த கை.

நான் தாளில் அந்தக் கூடுதலைத் தொட்டுக் காட்டினேன். "சார், யே... சிலாய் கே லியே" என்றேன். தையலுக்கு விட்டிருக்கிறாள் என்று சொல்ல வந்தது அந்த அளவில் நின்றுவிட்டது.

சார் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெரிதாகச் சிரித்தார். "வருஷம் பூரா இதைச் சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"நீங்க தப்புன்னுதான் சொன்னீங்க, ஏன் வரைஞ்சேன்னு கேக்கல சார்" என்றாள் அவள். கேட்டால் ஒழிய வாய் திறக்காத என்னை அந்தப் பதிலில் பார்த்தேன்.

சார் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். இந்தப் படத்தில் ஊசியும் நூலும் கிடையாது. கேட்டது மேல்பரப்பு மட்டும். இந்தத் தோலுக்குத் தடிமனே இல்லை என்று வைத்துக்கொள். பின்னால் உண்மையில் தகரத்தில் ஒரு பொருளைச் செய்யும் பாடம் வரும். அப்போது இணைப்புக்கு எவ்வளவு விட வேண்டும் என்று நீயே கணக்குப் போடுவாய். இப்போது விடாதே.

பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தடிமன் இல்லாத தோல். தொட முடியாது, வெட்ட முடியாது, ஆனால் அளக்க மட்டும் முடியும். அப்படி ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளத்தான் இவ்வளவு பெரிய கட்டடம் கட்டிச் சொல்லித்தருகிறார்கள் போல என்று தோன்றியது.

இரண்டாவது வாரம் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "அங்கயும் மாட்டிக்கிட்டேன் வாப்பா." ஒரு பழைய கேஸ் பேப்பரைக் கொடுத்து நம்பர் போடச் சொல்லியிருக்கிறார்கள். விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. டி.பி.க்கு உள்ள நம்பரைப் போட்டுவிட்டாள். பாடம் சொல்லித்தரும் சிஸ்டர், "டாக்டர் டி.பி. என்று எழுதினாரா? எழுதவில்லை. அவர் எழுதிய இருமலுக்கும் காய்ச்சலுக்கும்தான் நீ நம்பர் போடலாம். உனக்கு எவ்வளவு தெரிந்தாலும் சரி" என்றாராம்.

அந்த சிஸ்டர் சொன்னதும் நியாயம்தான். தெரிந்ததையெல்லாம் ஆளுக்கு ஆள் சேர்த்தால் ஒரு ஆஸ்பத்திரி நடக்காது. ஆனால் என் மனதில் ஒன்று உறுத்தியது. இரண்டு இடத்திலும், கேட்டதற்கு மேல் சேர்த்தாள் என்ற ஒரே காரியத்துக்காகத்தான் அவளைத் தடுத்தார்கள். அந்த சார் 'இப்போது விடாதே' என்றார். இங்கே என்றைக்கும் சேர்க்க முடியாது.

அன்றைக்குத்தான் அவளிடம் கேட்டேன். "ஒனக்கு எது வேணும்?"

"நம்பர் போடுததும் புடிச்சிருக்கு வாப்பா. பொய் சொல்லல. ஆனா போட்டு முடிச்சதும் பேப்பரக் கட்டி அலமாரியில வச்சிருதாவ. படம் வரைஞ்சா என்னைக்காவது அது ஒரு பொருளா வரும்லா?"

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். சீட்டுக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது, திங்கள் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றான். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். நான் டீயையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அவ காலேஜுக்கே போட்டும்."

"என்ன மச்சான், நான் எத்தன பேரு கால்ல விழுந்து..."

"ஒம் மேல குத்தமில்ல. அவ போட்டும்."

"மறுபடியும் விழுந்தா?" என்றாள் மனைவி. "அப்பம் என்ன செய்யுதிய?"

"விழுந்தா அதுக்கடுத்த தடவ எழுதட்டும்."

மச்சினன் டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். கொஞ்ச நாள் வரவில்லை. மனைவி என்னோடு பேசினாள், ஆனால் தேவைக்கு மட்டும்.

மழை முடிந்து நடந்த பரீட்சையில் மகள் பாஸானாள். பெரிய மார்க் ஒன்றும் இல்லை, தேறிவிட்டாள், அவ்வளவுதான். மச்சினன் அந்த வாரம் இனிப்புப் பெட்டியோடு வந்தான், அவள் தேறுவாள் என்று தான்தான் முதலிலேயே சொன்னதாகவும் சொன்னான். யாரும் மறுக்கவில்லை.

இரண்டாம் வருடக் கடைசியில் அவள் கணக்கில் விழுந்தாள். வாசலில் நின்று மெல்லிய குரலில் சொன்னாள். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"சரி, அதுக்கு எப்பம் பரீட்சை?" என்று கேட்டாள்.