கொம்பு உடைந்த பசுவின் படம்

பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன் ஓவியத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் மாடுகளை உள்ளதைவிடக் கொழுகொழுவென்று வரையச் சொல்வார்களாம். மாடு பருத்திருந்தால் வீட்டுக்குப் பெருமை. மகள் செல்போனில் அந்தப் படங்களைக் காட்டியதும், திருநின்றவூரில் எங்கள் வீட்டுச் சுவரில் எங்கள் பசுவையும் வரைய வேண்டுமென்று மனைவி பிடிவாதமாக நின்றாள்.

வந்த பெயிண்டர் வயிற்றைத் தாராளமாகவே வரைந்தார். பசுவின் உடைந்த கொம்பையும் முழுதாக்கப் போனபோது மனைவி அவர் கையைத் தடுத்தாள்.

"வயித்த இன்னும்கூட பெருசாக்கு நைனா. கொம்ப மட்டும் முழுசா போடாத. அப்புறம் அது யாரூட்டு மாடோ."

"சினையா கீதான்னு கேப்பாங்கக்கா."

"கேக்கட்டும். கன்னுகுட்டியயும் பக்கத்துல போட்டுடு."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. யானைப் பருமனில், அரைக்கொம்போடு நின்ற எங்கள் பசுவைத் தெருவே அடையாளம் கண்டுகொண்டது.

மறுநாள் பசு அந்தச் சுவரில் முதுகைத் தேய்க்க வந்ததால், வேறு பக்கம் கட்டினோம்.