பொன்முடி இறக்கத்தில் ஒரு ஸ்காட்லாந்துப் பெண்மணி

பொன்முடியிலிருந்து கல்லாறு நோக்கி மழையிலும் மூடுபனியிலும் இறங்கிய பேருந்தில், ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த நரைத்த பெண்மணி ஒருவர் என் அருகே அமர்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் வைப்பார். "ஃபீர்ட்" என்று முணுமுணுப்பார்.

"சாரே, மதாம்ம எந்தா சொல்லுதாங்க?" என்றார் நடத்துநர்.

முப்பதாண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் போதித்த எனக்கு அச்சொல் தெரியவில்லை. பேருந்தே என்னைப் பார்த்தது. "மழையைப் புகழ்கிறார்" என்றேன்.

"மழைய ரசிக்கறவங்க கம்பிய இப்படியா பிடிப்பாங்க? பேடிச்சுப் போயிருக்காங்க, சாரே!" என்று சிரித்த நடத்துநர், ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொன்னார்.

அச்சத்தைத்தான் அப்பெண்மணி தம் ஊர் வழக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறார். கம்பியில் வெளுத்திருந்த என் விரல்களைப் பார்த்து, "ஃபீர்ட்?" என்று பரிவோடு கேட்டார்.

"ஃபீர்ட், மேடம்" என்றேன், நடத்துநருக்குக் கேட்காத குரலில்.