மாமா எடுத்த எம்சி

காய்ச்சல் வந்தால் எனக்கு முதலில் வருவது வெட்கம். நடுக்கமும் தலைவலியும் அதற்குப் பிறகுதான். எம்சி என்று நாங்கள் சொல்லும் மருத்துவ விடுப்பை வாங்கிக்கொண்டு கிளினிக்கிலிருந்து வெளியே வரும்போது, கடையில் எதையோ திருடிவிட்டு வருகிறவள்போல இரண்டு பக்கமும் பார்க்கிறேன். இத்தனை வயதுக்குப் பிறகும் அது போகவில்லை. அப்பா எனக்குக் கொடுத்த சீர் அது.

அப்பா ஜோகூர் பாரு பக்கம் செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எம்சி எடுக்காதவர் என்பதுதான் அவருக்கு அந்தப் பதவியைவிடப் பெரிய பட்டம். வருடம் முழுக்க ஒரு நாளும் விடாமல் வந்தவர்களை ஆண்டு இறுதி டின்னரில் மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பார்கள். பெரும்பாலும் ரைஸ் குக்கர். எங்கள் வீட்டு அலமாரிமேல் பெட்டி பிரிக்காத ரைஸ் குக்கர்கள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அம்மா சோறு வடித்தது என்னவோ அடி கறுத்த அலுமினியப் பானையில்தான். பெட்டியைப் பிரித்துவிட்டால் பார்க்க வருகிறவர்களுக்கு அது பரிசு என்று தெரியாதாம்.

அப்பா பாலோ பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவர். அங்கே விடியுமுன்பே பெரட்டு நடக்கும். பெயர் கூப்பிடும்போது வரிசையில் நிற்காதவனுக்கு அன்றைக்கு வேலையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. "எங்கப்பா காய்ச்சலோட பெரட்டுக்குப் போனவரு" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அடிக்கடி சொல்வார். காய்ச்சலோடு போன அந்த மனிதர் தலை நரைக்குமுன்பே போய்ச் சேர்ந்ததை மட்டும் சொல்ல மாட்டார். அதை அத்தை சொல்லித்தான் பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, இதற்கு நேர் எதிர். அப்பாதான் சிபாரிசு செய்து அவரை அதே தொழிற்சாலையில் ஸ்டோருக்குள் நுழைத்துவிட்டிருந்தார். மாமாவுக்குத் தைப்பூசத்துக்கு மறுநாள் வயிறு சரியிருக்காது. நல்ல பந்தாட்டம் நடந்த இரவுக்கு மறுநாள் தலை சுற்றும். "வயித்துப்போக்குதான் பெஸ்ட் லா, எந்த டாக்டரும் செக் பண்ண மாட்டாரு" என்று எனக்கே ஒருமுறை ரகசியம் சொல்லிக் கொடுத்தார். அப்பா அவரை எம்சி மன்னன் என்றுதான் குறிப்பிடுவார். மாமா அதைக் கேட்டு மகுடம் வைத்துக்கொள்வதுபோல் தலையில் கை வைத்துக் காட்டுவார். அம்மா இருவருக்கும் நடுவில் சிரித்து வைப்பாள்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்த ஓர் ஆண்டின் கடைசி விடுமுறையில், ஒரு காலை, அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடினோம். பாவாடையெல்லாம் ரத்தம். கர்ப்பப்பையில் கட்டி இருந்ததும், மாதக்கணக்கில் அவள் அதை வெளியே சொல்லாமல் இருந்ததும் அப்போது யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் உடம்பு சரியில்லை என்று சொல்வது அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. அப்பா அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சீருடையில் இருந்தார். கீழே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன்" என்றாள் அம்மா. அவள் எதையாவது அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"வருஷமே முடியப் போவுது. இப்பப் போயி லீவு போட்டா எல்லாம் போச்சு. ஒன் தம்பி இருக்கான்ல? அவன ஒரு எம்சி போட்டுட்டு வரச் சொல்லு. அவனுக்கென்ன புதுசா?"

போனை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நான்தான் மாமாவைக் கூப்பிட்டு அப்பா சொன்னதைச் சொன்னேன்.

மாமாவும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்தான். சீருடையோடு வந்தார். எங்கள் மலிவு விலை அடுக்குமாடியில் லிப்ட் கிடையாது. நாங்கள் இருந்தது மேல்மாடி. மாமா அம்மாவைக் குழந்தையைப்போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். நான் அம்மாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பாதிப் படியில் எங்கள் கீழ்மாடிக்காரர் எதிரே வந்தார். அவரும் அதே தொழிற்சாலை, இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர். ஒதுங்கி வழிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே கொண்டுபோனதும் மாமாவுக்கு வேலை ஞாபகம் வந்தது. தனக்கு உடம்பு சரியில்லை என்றால்தான் எம்சி. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றால் கிடையாது. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்குப் போனார். வழக்கமான வயிற்றுப்போக்கை அன்று சொல்லவில்லை. அதற்கு ஒரே ஒரு நாள்தான் தருவார்களாம். இடுப்பில் கை வைத்து, முகத்தைச் சுளித்து, முதுகு வலி என்றார். சட்டையில் அம்மாவின் ரத்தம் பட்டிருந்த இடத்தை நான் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த துண்டால் மறைத்திருந்தார். நடிப்பு நன்றாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மாமா சிரிக்கவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வார்டில் இருந்த நாள்களில் பகலெல்லாம் மாமாதான் கூட இருந்தார். கஞ்சி வாங்கி வந்தார், நர்ஸிடம் பேசினார், என்னைக் கேண்டீனுக்குக் கூட்டிப்போய் மீ கோரிங் வாங்கிக் கொடுத்தார். அப்பா வேலை முடிந்து தினமும் மாலையில் ஆப்பிளோடு வருவார். வந்ததும் மாமாவிடம், "என்னா மன்னா, முதுகு எப்படி?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்போம். அம்மாவுக்குச் சிரித்தால் தையல் வலிக்கும்.

கீழ்மாடிக்காரர் கெட்டவர் இல்லை. தொழிற்சாலைக் கேண்டீனில் வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறார்: முதுகு வலிக்காரன் ஒரு முழு ஆளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்று. வேடிக்கை ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. அக்காவைப் பார்க்க ஆளில்லை, அக்கா வீட்டுக்காரர் சொல்லித்தான் எடுத்தேன், அவரையே கேளுங்கள் என்றார். அப்பாவைக் கேட்டார்கள். எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்து அவரே அதைச் சொன்னார், பெருமையாக. அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"சொந்தக்காரன்னு பாத்தா நாளைக்கு லைன்ல ஒருத்தன் என்னைய மதிப்பானா?"

"நீங்கதானங்க எம்சி போடச் சொன்னீங்க."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். எம்சின்னு சொன்னனா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். ஆகவே அம்மாவுக்குத்தான் மயக்கத்தில் குழம்பியிருக்க வேண்டும், எனக்கும் பயத்தில் அப்படித் தோன்றியிருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மாமாவுக்கு வேலை போயிற்று. பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டும் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார். அங்கே எம்சி என்ற பேச்சே கிடையாது. வராத நாளுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். நிஜமாகவே முதுகு போனது அங்கேதான். அடுத்த தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அதற்கடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. கேட்டால், அவனுக்கு ரோஷம் என்பார் அப்பா.

மாமாவுக்கு வேலை போன அந்த வருடத்து டின்னர் ஜோகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. அம்மா வரமாட்டேன் என்றாள். மேடை ஏறுகிறவன் பெண்டாட்டி வராவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அப்பா சொன்னதும் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். மேலாளர் கை குலுக்கினார். எங்கள் மேசையிலிருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். மேடையிலிருந்து அப்பா எங்களைத்தான் தேடினார். அம்மா மட்டும் கையை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிய கை இன்னும் வலிக்கிறது போலும், பாவம், என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து நான் பலமாகத் தட்டினேன்.