ஏலத்தில் போன பூசணிக்காய்

களிப் பானையை இறக்கியபோது விரல்கள் கொப்பளித்துவிட்டன. எனக்கு வலிக்கவில்லை. என் கணவர் தேவராஜ்தான் பார்த்துப் பதறினார். மாநில எல்லைப் பிரிப்பில் ஓசூர் மைசூரோடு போகுமா, இங்கேயே இருக்குமா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருடம் அது.

கிருஷ்ணகிரியில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுப் பார்த்தார். எனக்கு இரண்டும் தெரியவில்லை. தொழுநோய் (நரம்பைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கும் நோய்) என்றார். சல்ஃபோன் மாத்திரை (அந்த நோயின் கிருமியை அடக்கும் மருந்து) கொடுத்தார்.

ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் எங்கள் சபை சிறியது. ஞாயிறுதோறும் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். ஒருவர்கூட வாசலை மிதிக்கவில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். வேதாகமம் படிக்கிறவர்களுக்கு அது பொருந்தாது என்று நினைத்திருந்தேன்.

சில வருடங்களில் தோல் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது.

"இனி உங்ககிட்டேருந்து யாருக்கும் ஒட்டாதும்மா. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க," என்றார் டாக்டர்.

அந்த வருட அறுப்புப் பண்டிகைக்கு என் கொடியில் காய்த்த பூசணிக்காயைக் கொண்டுபோனேன். விளைந்ததைக் கோயிலுக்குப் படைத்து, அங்கேயே ஏலம் விடுவது எங்கள் வழக்கம். மற்றவர்களின் அவரையும் கோழியும் போட்டி போட்டுப் போயின. என் காயை மட்டும் ஏலம் விட்டவர் கையில் எடுக்கவில்லை, காலால் நகர்த்திக் காட்டினார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் போதகரே விலை கேட்டு எடுத்தார். இயேசு குஷ்டரோகியைத் தொட்டதைப் பற்றித்தான் அன்று காலை பிரசங்கித்திருந்தார். நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். காய் எருக்குழியில் கிடந்தது. மாட்டுக்குக்கூடப் போடவில்லை.

போதகரின் மனைவி கையைப் பிசைந்தார். "குழந்தைங்க இருக்கிற வீடும்மா. நீ சங்கடப்படக் கூடாதுன்னுதான் போதகர் ஐயர் எடுத்தாரு."

"எனக்காகவா எடுத்தாரு? பாத்துட்டிருந்தவங்களுக்காகத்தானே?" என்று கேட்டேன்.

குழியில் இறங்கி என் காயை எடுத்துவந்து, கழுவிக் குழம்பு வைத்தேன். தேவராஜ் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மருந்தை நிறுத்தாதீர்கள். ஜெபத்தில் பெயர் சொல்கிறார்களே என்று கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்காதீர்கள். என் விரல்களில் உணர்ச்சி திரும்பவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தொடுகிறேன், மனிதர்களையும் அப்படித்தான்.

முன்பு எனக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். இப்போது மாத்திரை வாங்கப் போகும் புதன்கிழமை தொடங்குகிறது. அங்கே டாக்டர் என் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று நான் கேட்டதில்லை.