சிரிலின் புல்வெளிக் கதவு

மேவிஸ் த்வெய்ட் மூன்று வருடத்தில் மாவட்ட மன்றத்துக்குப் பதினேழு புகார்க் கடிதம் எழுதினாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். அந்த யார்க்ஷயர் ஊரில் புகார் எழுதாத கை கிடையாது. பாதையில் முள் மண்டிவிட்டது, காளையை அவிழ்த்துவிட்டார்கள், நாய் அசிங்கம் செய்கிறது என்று ஆளுக்கொன்று எழுதுவார்கள். மேவிஸுக்கு ஒன்றே ஒன்றுதான். சிரிலின் புல்வெளிக் கதவில், நிலத்தை வாங்கிய புது முதலாளி போட்ட பூட்டை எடுக்க வேண்டும்.

பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த முப்பத்தொரு வருடமும் அந்தப் புல்வெளியின் குறுக்கேதான் போய்வந்தாள். காலையில் கதவருகே நிலத்துக்காரன் சிரில் நாயோடு நிற்பான். "மழை வரும்போல" என்பான். "வரும்" என்பாள். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவை விட்டு அவன் வரமாட்டான், வாய்விட்டுக் கேட்க இவளுக்கும் துணிச்சல் இல்லை. ஊமை கண்ட கனவு. சிரில் செத்து ஆறு வருடமாகிறது. அந்தக் கதவைத் திறந்து, அதில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று தவித்தாள். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் ஊர் மன்ற எழுத்தர் டெரெக், அந்த வழியை ஊர்ப்பாதையாக அறிவிக்கக் கேட்கும் சாட்சிப் படிவத்தோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவர். தேநீரைக் குடித்தபடி ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார்.

"நிலத்துக்காரர் எப்பவாவது அனுமதி குடுத்தாரா? இல்லைன்னு எழுது."

"குடுத்தாரே."

டெரெக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேலைக்குச் சேந்த ரெண்டாவது வாரம். ஒரே பனி. 'இந்த வழியாவே வந்து போ, மேவிஸ். கதவு உனக்காகத் தெறந்தே இருக்கும்'னாரு."

"அடிப் பைத்தியக்காரி! யாரு தயவும் இல்லாம இருபது வருஷம் நடந்திருந்தாத்தான் அது ஊர்ப்பாதை. அவரு விட்டாரு, நீ நடந்தேன்னா வழக்கே போச்சு. அத்தனை வருஷம் நடந்த ஆளு நீ ஒருத்திதான். அவரு சொன்னப்ப பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"நாய் இருந்துச்சு."

"அப்புறம் என்ன? அது வந்து சாட்சி சொல்லப்போகுதா? யாருமே கேக்கல, மேவிஸ்."

"நான் கேட்டேன்ல, டெரெக்."

மேவிஸ் பேனாவை எடுத்தாள். 'இல்லை' என்று எழுதினால் கதவு கிடைக்கும். ஆனால் அவளுக்கென்று ஒரு மனிதன் வாழ்நாளில் சொன்ன ஒரே அன்பான வார்த்தையை, அவன் சொல்லவேயில்லை என்று அவளே கையெழுத்துப் போட வேண்டும். 'ஆம்' என்று எழுதினாள். அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் கீழே எழுதினாள்.

வசந்தத்தில் பதில் வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. காரணம்: 'நில உரிமையாளர் திரு. சிரில் ஹாட்ஸன், செல்வி மேவிஸ் த்வெய்ட்டுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார் என்பது உறுதியாகிறது.'

முத்திரை போட்ட அந்தக் காகிதத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்து அழுதாள். அவர்கள் இருவர் பெயரும் ஒரே வரியில் சேர்ந்திருந்த காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான்.