டூட்டிக்கு வரவில்லை என்ற மெசேஜ்

இன்று நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா, என் கழுத்தில் தொங்கிய கம்பெனி கார்டைப் பார்த்துவிட்டுப் போனை நீட்டினார்.

"எங்க வூட்டுக்காரரு உங்க கம்பெனியிலதான் காண்ட்ராக்ட்ல இருந்தாரு. செத்து ஒரு மாசம் ஆவுது. இன்னும் டூட்டிக்கு வரலன்னு தெனம் மெசேஜ் வந்துகினே இருக்குதுங்க."

நான் அங்கே சாஃப்ட்வேர் பிரிவில் இருக்கிறேன். அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு, உடனே ஆபீஸில் இருக்கும் நண்பனுக்குப் போன் செய்தேன்.

"இறந்துட்டாருன்னு ஊழியர் பதிவுல ஏத்தியாச்சு. ஷிஃப்ட் மெசேஜ் வேற சாஃப்ட்வேர்ல ஓடுது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. இணைக்கணும்னா மேல அனுமதி வாங்கணும்" என்றான் நண்பன்.

அக்காவிடம் அதை எளிமையாகச் சொன்னேன்.

"அப்ப ஒண்ணுல மட்டும் அவரு இன்னும் உசுரோட இருக்காருங்களா?"

முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாஃப்ட்வேர் நண்பர்களே, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அனுமதி வாங்கிவிட்டே சொல்லுங்கள்.